பனங்கட்டியின் மேல் ஒரு மனிதன் நிற்கலாமா?

ஏரி உறைந்துவிட்டது என்று எப்போது நம்பலாம்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் கொழும்பு வெள்ளவத்தையில் நான்தான். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற அத்தனை ஒழுங்கைகளிலும் தேடினாலும் இன்னொருவர் அகப்படமாட்டார். வேண்டுமென்றால் தெஹிவளைப் பக்கமும் போய் விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் ஊரில் மிகவும் குளிரான விடிகாலையில்கூட என் தகப்பனார் மேற்சட்டை இல்லாமல் விசிறிக்கொண்டுதான் பேப்பர் படிப்பார். அப்படிப்பட்ட ஊரில் உனக்கு இந்த ஞானம் எதற்கு என்று அவரும் கேட்டார். நான் கிளறிக்கல் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தப் பரீட்சையில் ஐஸைப் பற்றி ஒரு கேள்வியும் வராது என்பது அவருடைய வாதம். லண்டன் மட்ரிகுலேஷன் பாஸ் செய்த நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் படித்த பூமிசாஸ்திரப் புத்தகத்தில் தேம்ஸ் நதி உறைந்த வரலாறு படத்தோடு இருந்தது. களனி கங்கை பெருகுகிற வரலாறு இல்லை. பெருகினால் கால் நனையும்தானே, புத்தகம் எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

விஷயம் துறைமுகப் பக்கத்துக் கொட்டாஞ்சேனையில் ஆரம்பித்தது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதன் ஒருவன் அங்கே இருக்கிறான். கத்தோலிக்கக் குடும்பம். தகப்பனார் இல்லை; தாயாரும், துறைமுகத்தில் சரக்குத் தோணிகளுக்குக் கங்காணியாக இருக்கிற தாய்மாமனும்தான். சிநேகிதனுக்குக் கனடா தேசத்தில் ஒரு குருமடத்தில் படிக்க இடம் கிடைத்தது. கப்பல் செலவு, படிப்பு, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. தாயாருக்குத் தலைகால் தெரியாத பெருமை. மகன் சுவாமியாராகத் திரும்பி வருவான் என்று ஒழுங்கை முழுவதும் சொல்லி முடித்து, அடுத்த ஒழுங்கையிலும் பாதிவரை சொல்லிவிட்டார். தகரப் பெட்டி வாங்கியாகிவிட்டது. கம்பளிச் சட்டை தைக்கக் கொடுத்தாகிவிட்டது. தைத்த தையற்காரன் அதை அளவு பார்க்கப் போட்ட நேரத்தில் வியர்த்து மயங்கிப்போனான் என்பது தனிக் கதை.

அந்த நேரத்தில் குருமடத்திலிருந்து ஒரு போட்டோ வந்தது. மாணவர்கள் நாலைந்து பேர் கறுப்பு அங்கியும் தொப்பியுமாகச் சின்ன முக்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் தூண்டில். சுற்றிவரக் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று வெட்டவெளி.

தாயார் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவங்கள் ஏன் உப்பளத்திலை குந்தியிருக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

'ஓம், உப்பளந்தான்' என்று என் சிநேகிதன் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தாயார் புத்தளத்து உப்பளங்களை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார். ஆனால் அவனும் மட்ரிகுலேஷன் பாஸ். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எங்களுக்குப் பழக்கம் இல்லை.

"உப்பளம் இல்லை அம்மா, அது ஏரி. குளிருக்குத் தண்ணி உறைஞ்சு ஐஸாப் போச்சு. அதுக்கு மேலை நடந்து போய், ஒரு ஓட்டை போட்டுத் தூண்டில் விடுறது. வெள்ளிக்கிழமையிலை இறைச்சி சாப்பிடேலாதே, அதுதான் மீன் பிடிக்கினம். நானும் பிடிப்பன்!"

"கீழை என்ன இருக்கு?"

"கீழை தண்ணிதான்."

"எவ்வளவு தண்ணி?"

"ஏரியெல்லோ அம்மா, இருக்கும். ஆளுயரம், ரெண்டாளுயரம்..."

தாயார் போட்டோவை மேசையில் கவிழ்த்து வைத்தார். அவருக்குத் தெரிந்த ஐஸ் மீன்கடை ஐஸ். காலையில் மீனோடு சேர்த்து ஒரு துண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தால், வாசற்படியில் ஏறும்போது சாக்குத்தான் மிச்சம். அதன் மேல் தன் பிள்ளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முக்காலி போட்டு உட்காரப் போகிறான் என்றால் எந்தத் தாய் ஒப்புவார்? மகனைத் தேவனுக்குக் கொடுக்க அவர் தயார். மீனுக்குக் கொடுக்கத் தயாரில்லை. அதை அப்படியே வாய்விட்டுச் சொன்னார்.

நான் அடுத்த நாள் அங்கே போனபோது வீடு சாவீடுபோல இருந்தது. சிநேகிதன் மூலையில். மாமா சாய்கதிரையில். தாயார் என்னைப் பார்த்து, "நீர் படிச்ச பிள்ளை மகன், நீர் சொல்லும். அந்த ஐஸ் ஆளைத் தாங்குமோ?" என்றார்.

"தாங்கும் அன்ரி."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

"சும்மா வாய்க் கதை எனக்கு வேண்டாம்," என்றார் தாயார். "எப்ப ஏறலாம், எப்ப ஏறக்கூடாது, எல்லாத்தையும் தமிழிலை அச்சடிச்சுக் கொண்டு வந்து காட்டும். நான் வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

அவர் நம்புகிற இரண்டு விஷயங்கள், செபப் புத்தகமும் ரயில் நேர அட்டவணையும், அச்சில் வந்தவை. பின்னதில் அவருக்கு ஏன் நம்பிக்கை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்வதில் நான் வேகம். சிநேகிதன் என்னை வாசல்வரைக்கும் கொண்டுவந்து விட்டு, "மச்சான், இந்தக் கப்பலை விட்டால் அந்த இடத்தை வேறை ஆருக்காவது குடுத்துப்போடுவாங்கள். விளையாடாதை," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் முதுகில் தட்டி, "ரெண்டு கிழமையிலை உன்ரை அம்மா ஐஸிலை ஒரு பண்டிதை," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நூல்நிலையத்தில், கனடாக் காடுகளில் குடியேறுகிற இங்கிலீஷ்காரருக்கென்று எழுதிய ஒரு தடித்த புத்தகம் அகப்பட்டது. கரடி வந்தால் என்ன செய்வது என்ற அத்தியாயத்தை யாரோ வாசித்து வாசித்துக் கிழித்திருந்தார்கள். கொழும்பில் அது யாருக்கு உதவியதோ! ஐஸ் அத்தியாயம் கன்னி கழியாமல் இருந்தது. நான் அதைத் தின்றேன் என்றே சொல்ல வேண்டும்.

அதில் இருந்த சாரம் இதுதான். தெளிந்து கருநீலமாகத் தெரிகிற ஐஸ்தான் பலமானது. அது நாலு அங்குலத் தடிப்பு இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம். வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே காற்றும் பழைய பனியும் கலந்திருக்கிறது. அதற்குப் பாதிப் பலம், ஆகையால் இரட்டைத் தடிப்பு வேண்டும். சாம்பல் நிறத்தில் இருந்தால் கிட்டவும் போகக்கூடாது. ஆறு வந்து விழுகிற இடத்திலும், மரக்கட்டை துருத்திக்கொண்டிருக்கிற இடத்திலும், கீழே தண்ணீர் ஓடுகிற இடத்திலும் தடிப்பாகத் தெரிந்தாலும் நம்பக்கூடாது. ஒரே ஏரியில் இங்கே ஓரடி இருக்கும், பத்தடி தள்ளி இரண்டு அங்குலம் இருக்கும். ஆகையால் ஓர் அலவாங்கை, அதாவது கடப்பாரையை, கையில் வைத்துக்கொண்டு, தட்டித் தட்டித்தான் போக வேண்டும். பலர் போனால் ஒருவரை விட்டு ஒருவர் விலகி நடக்க வேண்டும். வெயில் ஏறி இளகிய ஐஸ் தடிப்பாக இருந்தாலும் உளுத்த பலகை மாதிரி. இவ்வளவும் பார்த்த பிறகும் முழு நம்பிக்கை வைக்காதே.

கடைசி வாக்கியம் மாத்திரம் எனக்கு உசிதமாகப் படவில்லை. தாயாருக்கு அது உதவாது என்று விட்டுவிட்டேன்.

இதை நான் நாலு பேருக்கு விளங்குகிற தமிழில் 'ஐஸ்' என்று எழுதியிருக்கலாம். ஆனால் அந்த மாதம் நான் ஆங்கிலச் சொற்களோடு யுத்தத்தில் இருந்தேன். வெள்ளவத்தையில் எங்கள் வாலிபர் சங்கத்தில், தமிழில் இல்லாத சொல் இல்லை என்று ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றியிருந்தோம். அந்தத் தீர்மானத்தை ஆமோதித்துப் பேசியவர் இங்கிலீஷில்தான் பேசினார், ஆனாலும் உருக்கமாகப் பேசினார். ஆகவே 'ஐஸ்' என்று எழுத என் கை ஓடவில்லை. 'பனிக்கட்டி' என்று எழுதினேன். கட்டுரை முழுவதும் பனிக்கட்டி. தலைப்பிலும் பனிக்கட்டி.

கொட்டாஞ்சேனையில் ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. பத்திராதிபர், அச்சுக்கோர்ப்பவர், விளம்பரம் சேர்ப்பவர் எல்லாம் ஒரே ஆள், யாழ்ப்பாணத்தவர். இருமல் மருந்து விளம்பரம் ஒன்று அந்த வாரம் வராமல் போனதால் அவருக்கு முக்கால் பத்தி இடம் காலியாக இருந்தது. என் கட்டுரையை வாசித்துப் பார்க்காமலே, விரலால் அளந்து பார்த்து, "காணும்," என்றார்.

"புரூப் எப்ப பார்க்க வரட்டும் ஐயா?"

"புரூப்போ? எங்கடை பத்திரிகையிலை அந்தப் பழக்கம் இல்லை, தம்பி. ஒருக்கா அடிச்சதைத் திரும்பவும் அடிக்கிறதோ? நான் கோர்க்கேக்குள்ளையே திருத்தித்தான் கோர்ப்பன்."

திருத்தித்தான் கோர்த்தார்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. தலைப்பைப் பார்த்தேன். 'பனங்கட்டியின் மேல் மீன் பிடித்தல்.' கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். 'கனடா தேசத்து ஏரிகளைக் குளிர்காலத்தில் பனங்கட்டி மூடியிருக்கும். தெளிந்த கருநீலப் பனங்கட்டி நாலு அங்குலத் தடிப்பு இருப்பின் அதன்மேல் ஒரு மனிதன் அச்சமின்றி நிற்கலாம். வெள்ளைப் பனங்கட்டிக்குப் பாதிப் பலமே உண்டு.' பத்தி முழுவதும், ஒன்று தப்பாமல், தேத்தண்ணியோடு கடிக்கிற பனங்கட்டி.

கோட்டை வரைக்கும் ரயிலில் போய், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடையும் ஓட்டமுமாகப் போனேன். பத்திராதிபர் அடுத்த வாரத்துக்கு எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா செய்து வைச்சிருக்கிறியள்! நான் எழுதினது பனிக்கட்டி!"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். கோபமில்லை, இரக்கம். "கண்டனான் தம்பி. எல்லா இடத்திலையும் ஒரே பிழை விட்டிருந்தீர். நான் ஒண்டொண்டாய்த் திருத்தினன். பனிக்கு எங்கையப்பா கட்டி? பனைக்குத்தான் கட்டி."

"பனிக்கட்டி எண்டால் ஐஸ்!"

"ஐஸ் எண்டால் ஐஸ் எண்டு எழுதியிருக்கலாமே? அதுக்கு என்னட்டை எழுத்து இருக்குத்தானே," என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு 'ஐ'யை எடுத்துக் காட்டினார்.

எங்கள் சங்கத்தின் தீர்மானத்தை அவருக்குச் சொல்லி விளங்கப்படுத்தும் நிலையில் நான் இல்லை.

சனங்கள் அந்தக் கட்டுரையை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்றால், மிகவும் மரியாதையோடு. சிரிப்பார்கள் என்று நான் பயந்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வெள்ளவத்தையில் சைவக்கடை முதலாளி என்னை நிறுத்தி, கனடாப் பனங்கட்டிக்கு இறக்குமதித் தீர்வை உண்டோ என்று கேட்டார். பக்கத்து வீட்டு ரிட்டயர் தபாலதிபர், தான் இதை முன்பே இங்கிலீஷில் வாசித்ததாகச் சொன்னார். என் தகப்பனார் பத்திரிகையை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "வெள்ளைப் பனங்கட்டி இண்டைக்குத்தான் கேள்விப்படுறன். எங்கடை ஊரிலை கறுப்புத்தான்," என்று தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவர் கிளறிக்கல் பேச்சை எடுக்கவில்லை. அச்சில் பெயர் வந்துவிட்டால் பிள்ளை பேசுவதில் ஏதோ இருக்கும் என்று யோசித்திருப்பார்.

கொட்டாஞ்சேனையில் மாமாவும் அந்தக் கூட்டந்தான். "இருக்கும் தங்கச்சி," என்று அவர் தாயாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே நுழைந்தேன். "வெள்ளைக்காரன்ரை நாட்டிலை என்னதான் இல்லை? கப்பலிலை வாற சாமானெல்லாம் நான் காணுறனான்தானே."

தாயார் பத்திரிகையை மடியில் விரித்து வைத்திருந்தார். அவர் ஏமாறவில்லை. ஏமாறாததுதான் ஆபத்தாக இருந்தது.

"மகன், இது அச்சுப் பிழை எண்டு எனக்குத் தெரியும்," என்றார்.

"நல்ல காலம் அன்ரி! ஐஸ் எண்டு மாத்தி வாசியுங்கோ, முழுக்கச் சரியாய் வரும்."

"பொறும். ஐஸும் பனங்கட்டியும் ஒண்டெண்டு நினைக்கிற பேப்பர், நாலு அங்குலம் எண்டு எழுதினால் அது நாலோ, பதினாலோ? அங்குலமோ, அடியோ? அதை நம்பிப் பிள்ளையை ஏரியிலை ஏத்தச் சொல்லுறீரோ?"

சிநேகிதன் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. அவன் கையில் தகரப் பெட்டியின் பூட்டு இருந்தது. எறிந்துவிடுவானோ என்று பயந்தேன். கப்பலுக்கு இரண்டு வாரங்கூட இல்லை.

"அச்சும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்," என்றார் தாயார். "கண்ணாலை காட்டுங்கோ. ஐஸ் வரட்டும். கீழை தண்ணி இருக்கவேணும். மேலை ஆள் நிக்கவேணும்."

"ஆர் நிக்கிறது?" என்று மாமா கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம். தோணியில் அவர் கால் வைத்தால் அது ஒரு பக்கம் சரிந்து, மற்றப் பக்கத்தில் இரண்டு கூலிகள் ஓடிப்போய் நிற்க வேண்டும். ஒரு முறை அப்படி ஓட ஆள் இல்லாததால் துறைமுகத்துத் தண்ணீரில் விழுந்து, கொக்கத்தடியில் கொளுவிக் கரையேறியவர். அதற்குப் பிறகு தண்ணீருக்குத் தன்னைக் கண்டால் பயம் என்று சொல்லித் திரிகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐஸ் வாங்க நான் போனேன். மீன் சந்தைக்குப் பின்னால் மரத்தூளுக்குள் பாளம் பாளமாக ஐஸ் புதைத்து வைத்து விற்கிற சிங்களவர் ஒருவர் இருக்கிறார். வெள்ளை லோங்ஸும் சப்பாத்துமாக ஒருவன் முழுப் பாளம் கேட்டதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாலுவலடத மாத்தயா?" என்றார். மீனுக்கோ என்கிறார். அது எனக்கு விளங்கியது.

"நே, மாமாட்ட," என்றேன். மீனுக்கில்லை, மாமாவுக்கு.

"அனே!" என்று அவர் முகம் வாடிவிட்டது. "கவதத மளே?"

என் சிங்களம் கடைத்தெருச் சிங்களம். 'கவதத' என்றால் எப்போது என்று தெரியும். மற்றச் சொல் விலையைப் பற்றியதோ பாளத்தைப் பற்றியதோ என்று விட்டுவிட்டேன். எங்கள் பரிசோதனை பின்னேரந்தானே. ஆகவே மிகவும் சுறுசுறுப்பாக, "அத ஹவஸ!" என்றேன். இன்றைக்குப் பின்னேரம்.

அவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டார். பிறகு பாளத்தை நான் கையால் காட்டிய நாலு அங்குலத் தடிப்புக்கு அறுத்து, மரத்தூளை அள்ளிப் போட்டு, சாக்கால் சுற்றித் தள்ளுவண்டியில் ஏற்றினார். வண்டிக்காரனிடம் காதில் ஏதோ சொன்னார். நான் வண்டிக்கு முன்னால் பெருமையாக நடந்தேன்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. கொழும்பில் ஒரு வீட்டுக்கு முழுப் பாளம் ஐஸ் வருவது இரண்டு காரியத்துக்குத்தான். ஒன்று கலியாண வீட்டு மீன். மற்றது, தூரத்து உறவுகள் வந்து சேரும்வரை பிரேதத்தைப் பழுதாகாமல் வைத்திருக்க. அந்த வீட்டில் கலியாணம் இல்லை என்று ஒழுங்கைக்குத் தெரியும். 'கவதத மளே' என்றால் 'எப்போது செத்தார்' என்று எனக்குத்தான் தெரியாது. வண்டிக்காரன் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான்: கங்காணி ஐயா இன்றைக்குப் பின்னேரம் சாகப் போகிறாராம், ஐஸ் காலையிலேயே வாங்கியாயிற்று, படித்த ஆட்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்கிறார்கள்.

பின்னேரம் நாங்கள் முற்றத்தில் இரண்டு வாங்குகளை இடைவெளி விட்டுப் போட்டு, நடுவில் துணி துவைக்கிற பெரிய தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஐஸை வாங்குகளுக்குக் குறுக்கே ஏற்றிய நேரத்தில் பெண்கள் வந்து நிரம்பிவிட்டார்கள். எல்லோரும் வெள்ளைச் சேலை. கையில் செபமாலை. ஒருத்தி வாசலிலேயே ஒப்பாரியை ஆரம்பித்து, இரண்டாம் அடியில் தலையை நிமிர்த்தியபோது, சாகவேண்டியவர் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

"என்ன பிள்ளை, ஆருக்கு?" என்று மாமா கேட்டார்.

"உங்களுக்குத்தான் அண்ணே," என்றாள் அவள், மூக்கைச் சிந்திக்கொண்டு.

விஷயம் விளங்கிய பிறகும் ஒருவரும் போகவில்லை. ஒரு மனிதன் ஐஸின் மேல் நிற்கப் போகிறான் என்றால் அது சாவீட்டைவிட விசேஷம்தானே. அதுவும், அப்படி நிற்கிறவர் பிறகு சாகவும் கூடும்.

"முதல்லை என்ரை மகன் ஏறட்டும்," என்றார் தாயார் திடீரென்று. "போறது அவன்தானே."

சிநேகிதன் முன்னால் வந்தான். போட்டோ வந்த நாளிலிருந்து, கனடா மீனைத் தான் எப்படித் தூக்குவேன் என்று கையால் காட்டிக் காட்டி என் கழுத்தை அறுத்தவன். ஏறி நின்று கையை விரித்துக் காட்டுவான், காரியம் முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அவன் ஏறவில்லை. அலவாங்கைக் கொண்டுவரச் சொன்னான். அதன் நுனியால் ஐஸின் ஓரத்தில் தட்டினான். காதைக் கொடுத்துக் கேட்டான். நடுவில் தட்டினான். குனிந்து, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தான். மறுபடியும் தட்டினான். பெண்கள் செபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

"டேய், ஏறன்ரா!" என்று நான் பல்லைக் கடித்தேன்.

"மச்சான், நடுவிலை பார். வெள்ளை ஓடியிருக்கு."

உண்மைதான். ஓரமெல்லாம் கண்ணாடியாக இருந்தது. நடுவில் நூல் நூலாக வெள்ளை. இந்த ஊர் ஐஸ் எல்லாமே அப்படித்தான் இருக்கும், நான் கவனித்ததில்லை.

"வெள்ளைக்குப் பாதிப் பலம். நீதானே எழுதினாய்? நாலு அங்குலம் அறுத்தது காலமை. இப்ப மூண்டுகூட இராது. வெயில்லை வேறை கிடந்திருக்கு." அவன் அலவாங்கைச் சுவரில் சாத்தினான். "நான் ஏறமாட்டன்."

கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சின்னச் சுவாமியாருக்குப் பயமடி," என்றாள் இன்னொருத்தி. எனக்கு உயிர் போய்விட்டது. இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் இவன் தன் வாயாலேயே ஐஸ் தாங்காது என்று தாய்க்கு முன்னால் சொல்கிறானே!

"தள்ளு தம்பி," என்று மாமா அவனை ஒதுக்கினார். "உங்கடை படிப்பும் நீங்களும்." கதிரையில் கால் வைத்து, வாங்கில் கால் வைத்து, ஐஸின் நடுவில் ஏறி நின்றார். ஐஸ் ஒரு முனகல் முனகியது. தாங்கியது! மாமா கையை இடுப்பில் வைத்து, வீதி மூலையில் நிற்கிற கவர்னர் சிலைபோல ஒழுங்கையைப் பார்த்தார். "என்ன தங்கச்சி? கனடாவுக்கு நான் போகட்டோ?"

சனம் ஆரவாரித்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. அறிவு வென்றது, அச்சுப் பிழை தோற்றது, தமிழ் வாழ்ந்தது. "பார்த்தீங்களோ அன்ரி! நாலு அங்குலம்!" என்று கத்திக்கொண்டு நானும் ஒரே பாய்ச்சலாக மாமாவுக்குப் பக்கத்தில் ஏறினேன்.

அதன் பிறகு நடந்ததில் எனக்குச் சத்தம்தான் ஞாபகம். ஐஸ் அந்த வெள்ளை நூலோடு சரியாக இரண்டாகப் பிளந்தது. மாமா தகரத் தொட்டிக்குள். நான் மாமாவுக்கு மேல். தண்ணீர் கடைசி வரிசைப் பெண்கள் வரைக்கும் போனது. தொட்டி நசுங்கிய நசுங்கலில் மாமா உள்ளே இறுகிப்போனார்.

நான் மரத்தூளைத் துப்பிக்கொண்டு எழுந்தபோது தாயார் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சுவரோடு சுவராக, பொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் நின்றான்.

"நீர் கனடாவுக்குப் போறதெண்டால், மகன்," என்று தாயார் என் பக்கம் திரும்பாமலே சொன்னார், "உம்மடை அம்மாட்டை நானே வெள்ளவத்தைக்கு வந்து, விடாதேங்கோ எண்டு கால்லை விழுவன். இவன்..." என்று நிறுத்தினார். "இஞ்சை வா. உனக்கு ஏற விருப்பம் இல்லையோ? அல்லது பயமோ?"

சிநேகிதனுக்கு முகம் சிவந்தது. முழு ஒழுங்கையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவனைப் பயந்தாங்கொள்ளி என்ற பெண் முன்வரிசையில் நிற்கிறாள். "பயமில்லை அம்மா," என்று நெஞ்சை நிமிர்த்தினான். "அங்கை நல்ல ஐஸ் இருக்கும். அங்கை எண்டால் நான்..."

தாயாரின் முகம் மாறுவதை நான் கண்டேன். அவனுடைய சப்பாத்தை என் காலால் ஓங்கி மிதித்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சரியாக ஒன்றையும் விளங்கிக்கொண்டதில்லை. அவனும் விளங்கிக்கொண்டான். விளங்கியது அவனுக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை.

"...பயம்," என்றான், நிலத்தைப் பார்த்து.

"கேக்கேல்லை."

"பயம் அம்மா."

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

"பயம்! எனக்குப் பயம்! நான் தட்டிப் பார்க்காமல் ஒரு அடி வைக்கமாட்டன்!"

பெண்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் கையும் தட்டினார். என் சிநேகிதன் அழுகிற மாதிரி நின்றான். தாயார் அவன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "கப்பல் எண்டைக்கு எண்டாய்?" என்று கேட்டார்.

"அதைப் பிறகு கதையுங்கோ," என்றார் மாமா தொட்டிக்குள்ளிருந்து. "முதல்லை என்னை ஆராவது வெளியிலை எடுங்கோ."